'இலையுதிர் காலம்' என்பதற்குச் சரியான பழந்தமிழ்ச் சொல் 'கூதிர்'தானே?

இல்லை. கேட்டவர் அநேகமாகக் கவிதையோ மொழிபெயர்ப்போ செய்கிறவராக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் இந்தக் கவலை வராது. கூதிருக்கு உரிய ஐப்பசி, கார்த்திகை என்ற மாதக் கணக்கு மேலைநாட்டு இலையுதிர் காலத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதை நம்பி ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் என்ன ஆகும் என்று என் சொந்தப் புத்தகத்திலேயே பார்த்துவிட்டேன், அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐரோப்பிய நாவலை மொழிபெயர்த்தேன். அதில் ஒரு கிழவி மத்தியான வெயிலில் பூங்காவில் நடக்கிறாள். காலடியில் சருகு நொறுங்குகிற சத்தம் அவளுக்குப் பிடித்துப்போக, பாதையை விட்டு விலகி, சருகு குவிந்துகிடக்கிற இடமாகப் பார்த்து மிதித்துக்கொண்டே போகிறாள். நான் இலையுதிர் காலம் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சாகி வந்ததைப் பிரித்தால் புத்தகம் முழுக்கக் கூதிர்காலம். 'கூதிர்காலத்துப் பொன்வெயிலில் சருகுகள் நொறுங்கின.' பதிப்பகத்தில் மெய்ப்பு பார்த்தவரின் கைங்கர்யம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் போட்டுக் கேட்டால், "இலையுதிர் காலம் இங்கிலீஷைப் பார்த்துச் செஞ்சது சார், நம்மகிட்ட சங்க காலச் சொல்லே இருக்கும்போது அது எதுக்கு" என்றார்.

இங்கிலீஷைப் பார்த்துச் செய்ததாகவே இருக்கட்டும். கூதிரில் பொன்வெயில் எங்கிருந்து வரும்? கூதிர் என்றால் என்ன என்று தெரிய பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடையைப் புரட்டினால் போதும். விடாத மழை, வாடைக்காற்று. மாடுகள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. குரங்கு குளிரில் கூனிக் குறுகுகிறது. பால் குடிக்க வந்த கன்றையே பசு உதைத்துத் தள்ளுகிறது. வீட்டுப் புறாவுக்குப் பகல் எது இரவு எது என்று தெரியாமல், இரை தேடவும் போகாமல், கால் மாற்றி மாற்றி நிற்கிறது. வேலையில்லாமல் தொங்குகிற விசிறியில் சிலந்தி கூடு கட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட நாளில் சருகு நொறுங்காது ஐயா, ஊறிப்போய்ச் சேறாகத்தான் கிடக்கும். அந்தக் கிழவி வழுக்கி விழுந்திருப்பாள்.

குழப்பத்துக்குக் காரணம் மாதத்தை வைத்துப் பருவத்தைப் பொருத்துவதுதான். வடமொழியின் சரத் ருதுவும் அதே ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியதுதான், அதனால் அதையும் கூதிரோடு சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் சரத் என்றால் வடக்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் காலம், நிலா பளிச்சென்று இருக்கும் காலம். இனிமையான காலம் என்பதால்தானோ என்னவோ, ரிக் வேதத்தில் நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தும்போது நூறு சரத் வாழ்க என்றார்கள். தமிழ்நாட்டில் அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது, வருட மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. மாதம் ஒன்று, வானம் நேரெதிர். அப்படியிருக்க இந்த இரண்டையும் ஐரோப்பாவின் அக்டோபரோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால் எப்படி?

பிற மொழிக்காரர்களே இதில் ஒன்றுபோல் இல்லை. ஆங்கிலத்தில் அந்தப் பருவத்துக்குப் பழைய பெயர் ஹார்வெஸ்ட், அதாவது அறுவடை. ஜெர்மனில் இன்றும் அதே வேரிலிருந்து வந்த ஹெர்ப்ஸ்ட்தான். ஆட்டம் (autumn) என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. 'இலை வீழ்வது' என்ற தொடர் சுருங்கி ஃபால் ஆகி அமெரிக்காவில் நிலைத்தது. சீன எழுத்தில் இலையுதிர் காலத்தின் குறியீட்டுக்கு அடியில் இதயத்தின் குறியீட்டைப் போட்டால் துயரம் என்று அர்த்தம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது லிஸ்டோபாட். இலை உதிர்வது என்றுதான் பொருள், அது குரோஷிய மொழியில் அக்டோபரின் பெயர், போலிஷ், செக் மொழிகளில் நவம்பரின் பெயர். பக்கத்துப் பக்கத்து மொழிகளிலேயே இலை ஒரே மாதத்தில் உதிரவில்லை பாருங்கள்.

சரி, நம் பக்கம் இலை எப்போது உதிர்கிறது? வேம்பும் அரசும் பழுத்துக் கொட்டுவது மாசி, பங்குனி வாக்கில், அதாவது பின்பனியில். மழை போய் மண் காயக் காய மரம் தண்ணீரை மிச்சப்படுத்த இலையை உதறுகிறது. குளிர் நாடுகளில் பகல் குறையக் குறையப் பச்சையம் சிதைந்து, அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிவது வேறு கதை. இலையற்ற மரத்தைச் சங்கப் பாட்டில் தேடினால் அது வறண்ட நிலத்தைப் பாடும் பாலைத் திணையில்தான் அதிகம் கிடைக்கும். பாலைக்கு வேனிலும் பின்பனியும் காலம், பிரிவு உரிப்பொருள், அதாவது பாட்டின் மையப் பொருள். கூதிரோ மலைநிலமான குறிஞ்சிக்கு உரியது, அங்கே உரிப்பொருள் கூடல். ஆக, மேலைநாட்டுக் கவிஞன் உதிர்கிற இலையைப் பார்த்து ஏங்குகிற ஏக்கத்துக்கு நம்மிடம் ஜோடி தேடினால் பாலைப் பக்கம் போகவேண்டும். (நெடுநல்வாடைத் தலைவியும் பிரிவில்தானே வாடுகிறாள் என்று ஒருவர் வருவார். ஆமாம், வாடுகிறாள். இலையைப் பார்த்து இல்லை, வாடையில்.)

உடனே தமிழ் விரோதி என்று கிளம்பிவிடாதீர்கள். கூதிர் என்ற சொல்மேல் எனக்கு உயிர். கூதல், கூதக்காற்று என்று இன்னும் ஜனங்கள் வாயில் புழங்குகிற சொல்லின் சொந்தம் அது. அதைக் கண்டதும் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. மழையும் குளிரும் சேர்ந்து எலும்பைக் குடையும் ராத்திரியை எழுதும்போது தாராளமாகப் போடுங்கள், அதைவிட நல்ல சொல் கிடையாது. அதை எடுத்துப் பனி மூடாத, தூறல்கூட இல்லாத ஒரு அக்டோபர் மத்தியானத்துக்கு மாட்டிவிடுவதுதான் அந்தச் சொல்லுக்குச் செய்கிற அவமானம்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு அக்கறையாகச் சொல்லைத் திருத்தத் தெரிந்த அதே பதிப்பகத்துக்கு மொழிபெயர்ப்பாளன் பெயரை அட்டையில் போட இடம் கிடைக்கவில்லை. உள்ளே மூன்றாம் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே, எறும்பு எழுத்தில் இருக்கிறேன். மறுபதிப்பு வந்தபோது கூதிர்காலத்தை மாற்றச் சொல்லிப் பக்க எண்களோடு பட்டியல் அனுப்பினேன். அட்டைப்படம் மட்டும் மாறியது. புது அட்டையில் என்ன படம் தெரியுமா? குடை பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிற ஒரு கிழவி.