கடை வெளிச்சத்தில் பொருந்திய நிறம் வெயிலில் மாறினால் வழக்குப் போடலாமா?

கேள்வி: மகள் திருமணத்துக்கு எடுத்த கத்தரிப்பூ நிறப் புடவையிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேட்சிங் கடையில் கொடுத்தோம். அதே ஷேடில் 22 மீட்டருக்குச் சாயம் போட்டுத் தருவதாகச் சொல்லி 9,900 ரூபாய் வாங்கினார்கள். கடையின் மஞ்சள் விளக்கில் பார்த்தபோது அச்சாக ஒத்துப்போனது. வீட்டு முற்றத்தில் விரித்தால் துணியில் நீலம் தூக்கலாகத் தெரிகிறது. 12 மீட்டரைத் தைக்கக் கொடுத்துவிட்டோம். "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார் கடைக்காரர். பில்லிலும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் தையற்காரருக்குப் போன் செய்து, இன்னும் கத்திரி படாத துணியை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். உங்கள் வழக்கின் முக்கிய சாட்சியே அந்தத் துணிதான்.

எந்தத் துணியும் விளக்குக்கு விளக்கு நிறம் மாறித்தான் தெரியும். அது மட்டும் சட்டப்படி குறைபாடு ஆகாது. உங்கள் சிக்கல் வேறு. மஞ்சள் சாயலுள்ள வார்ம் லைட்டில் நீல ஒளி குறைவு. இரண்டு சாயங்களுக்கு நீலத்தில் வித்தியாசம் இருந்தால் அந்த வெளிச்சத்தில் அது மறைந்துவிடும். பகலில் நீலம் நிறைய இருப்பதால் வெளியே வந்துவிடும். சாயத் தொழிலில் இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். சாயக் கலவை மாறினால் இது வரும் என்பது தொழில் தெரிந்தவர் அறிந்த விஷயம். அதனால்தான் ஒழுங்கான பட்டறைகளில் பல வகை விளக்குகள் பொருத்திய லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கிலும் கடை விளக்கிலும் வைத்துப் பார்த்த பிறகே ஷேடை ஒப்புக்கொள்கிறார்கள்.

இங்கேதான் உங்களுக்குச் சட்டம் துணை வருகிறது. துண்டு கொடுத்து அதேபோல் கேட்டதால், இது மாதிரித் துண்டு காட்டி வாங்கும் விற்பனை. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 17-இன்படி சரக்கு மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நியாயமான வாய்ப்பும் தர வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்தது நியாயமான வாய்ப்பு ஆகாது என்பதே உங்கள் வாதமாக இருக்க வேண்டும். "வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கக் கேட்டீர்களா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்டு மறுத்திருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். கேட்கவே இல்லையென்றால் அதை மறைக்காதீர்கள். துண்டோடு ஒத்திருக்க வேண்டிய பொறுப்பு அதனால் அவர்களை விட்டுப் போய்விடாது.

பில்லில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. திரும்பப் பெறும் கெடுவைப் பில்லில் சொல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. அதனால் தாமதிக்காமல் இந்த வாரமே கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பேசாமல் நாளைக் கடத்தினால் துணியை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். தைக்கக் கொடுத்த 12 மீட்டரில் வெட்டிவிட்டதைத் திருப்ப முடியாது. அதற்கு இழப்பீடுதான் கேட்கலாம். வெட்டாத துணிக்கும் கையில் உள்ள 10 மீட்டருக்கும் முழு விலையையும் கேளுங்கள்.

ஆதாரம் திரட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செல்போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். தனித்தனியாக எடுத்த இரண்டு படங்கள் எதையும் நிரூபிக்காது. காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் படாத தாழ்வாரத்தில் வெள்ளைத் தாள் விரித்து, துண்டையும் துணியையும் ஓரம் ஒட்டி, நெசவுத் திசை ஒன்றாக வைத்து ஒரே படத்தில் எடுங்கள். அதே அமைப்பை வார்ம் பல்பின் கீழும் எடுங்கள். இரண்டிலும் வித்தியாசம் தெரிந்தால் அது நேரடியான ஷேடு தவறு. நிரூபிப்பது இன்னும் சுலபம். படங்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்று இணைக்க வேண்டும். துண்டைப் பின் குத்திய ஆர்டர் சீட்டு இருந்தால், அந்தப் பின்னைக்கூடக் கழற்றாதீர்கள்.

கடிதத்துக்கு 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலக்கெடு 2 ஆண்டு. மனுவில் பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு இரண்டையும் எழுதுங்கள். சாயம் போட்டுத் தந்தது சேவை என்றும் வாதிடலாம். கேட்கும் தொகையை லட்சக்கணக்கில் ஊதிவிடாதீர்கள். துணி விலை, தையல் கூலி, நியாயமான மன உளைச்சல் தொகை போதும்.

சோதனை தேவை என்று கருதினால் ஆணையம் துணியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கைக்குக் கெடு 45 நாள். சோதனைக் கட்டணத்தை முதலில் உங்களைத்தான் கட்டச் சொல்வார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பினால் கோவை சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வகத்தில் டி65 விளக்கிலும் வார்ம் விளக்கிலும் நிற வேறுபாட்டுச் சோதனை செய்து தர முடியுமா என்று கேளுங்கள். ஆனால் அங்கே ஒரு சிறு பகுதியை மட்டும் கொடுங்கள். புடவைத் துண்டில் பாதியும், வெட்டாத துணியில் 2 மீட்டரும் ஆணையத்துக்காகக் கறுப்பு உறையில் வெளிச்சம் படாமல் இருக்கட்டும். வெளிச்சத்தில் கிடந்து சாயம் வெளுத்தால், அதையே காட்டி எதிர்த்தரப்பு வழக்கை உடைத்துவிடும்.