பீகிங் எப்போது பெய்ஜிங் ஆனது? பழைய சீன ஊர்ப் பெயர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பள்ளியில் பீகிங் என்று படித்தேன். சீன அரசு எப்போது அதைப் பெய்ஜிங் என்று மாற்றியது?

பதில்: மாற்றவே இல்லை. மெட்ராஸ் சென்னையானது போன்ற கதை அல்ல இது. சீனத்தில் அன்றும் இன்றும் அதே இரண்டு எழுத்துகள்தாம். ரோமன் எழுத்தில் எழுதும் முறைதான் மாறியது. 'பின்யின்' என்னும் அந்த முறைக்குச் சீன மக்கள் பேராயம் 1958-இல் ஒப்புதல் அளித்தது. சீன ஊர்ப் பெயர்களுக்கு அதையே கொள்ளலாம் என்று 1977-இல் ஐ.நா. மாநாடு ஏற்றது. 1979 முதல் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக மாறின.

உண்மையான பெயர் மாற்றம் வேறொன்று உண்டு. 1928-இல் தலைநகரம் நான்கிங்குக்குப் போனதும், தலைநகராக இல்லாத ஊருக்கு 'வடதலைநகர்' என்று பொருள்படும் அந்தப் பெயர் எதற்கு என்று 'பெய்பிங்' ஆக்கினார்கள். 1949-இல் பழைய பெயர் திரும்பியது.

கேள்வி: அப்படியானால் நடுவில் அந்தக் ககரம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரர்கள் காதில் தவறாக விழுந்ததா?

பதில்: இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் வெள்ளைக்காரர் காதின் மேல் பழி வேண்டாம். முற்காலச் சீனத்தில் அது ககரமேதான். இகரத்துக்கு முன் வந்த ககரம் வடசீனப் பேச்சில் நாளடைவில் சகரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. நம் மொழிக் குடும்பத்திலும் இதே மாற்றம் உண்டு: கன்னடத்தில் 'கிவி', தமிழில் 'செவி'. தெற்கே கான்டன் பேச்சில் இன்றும் ககரம் அப்படியே இருக்கிறது. பழைய எழுத்துக்கூட்டல் ஒரு பழைய உச்சரிப்பின் பதிவு, பிழை அல்ல.

கேள்வி: பழைய பெயர்கள் எல்லாம் வேட்-கைல்ஸ் முறைதானே?

பதில்: இல்லை. வேட்-கைல்ஸ் என்பது பின்யினுக்கு முன் ஆங்கில நூல்களில் புழங்கிய எழுத்துமுறை. அந்த முறைப்படி எழுதினால் பீகிங்கே வராது. ககரம் இருக்கும் இடத்தில் சகர ஒலிக்கான எழுத்துகள்தாம் வரும். வரைபடத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அஞ்சல் துறையின் எழுத்துக்கூட்டல். 1906-இல் ஷாங்காயில் கூடிய அஞ்சல் மாநாட்டில் உறுதியான முறை அது. ஏற்கெனவே புழங்கிய பெயர்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களிடம் ஒலியியல் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: அமாய், ஸ்வாட்டோ, கான்டன், முக்டென்? புதிய பெயர்களோடு ஒட்டவே இல்லையே.

பதில்: வேறு வேறு மொழிகளிலிருந்து வந்தவை, ஐயா. அமாய் என்பது தென்சீனத்தின் ஹொக்கியன் பேச்சு, இன்று ஷியாமென். ஸ்வாட்டோ அங்கேயே வழங்கும் தியோச்சியூ பேச்சு; இன்று ஷாந்தோ. முக்டென் மஞ்சு மொழிப் பெயர், இன்று ஷென்யாங். கான்டன் போர்த்துகீசியர் வழி வந்தது. குவாங்தோங் என்னும் மாகாணப் பெயரை அதன் தலைநகரான குவாங்சௌவுக்குச் சூட்டிவிட்டார்கள்.

கேள்வி: விமான டிக்கெட்டில் இன்னும் 'பி.ஈ.கே.' என்றுதான் போட்டிருக்கிறது!

பதில்: ஆமாம். குவாங்சௌவின் விமான நிலையக் குறியீடும் கான்டனின் முதல் மூன்று எழுத்துகள்தாம். பீகிங் பல்கலைக்கழகமும் சிங்தாவ் பீரும்கூடப் பழைய எழுத்துகளை விடவில்லை. பெயர் எடுத்த நிறுவனம் எதற்காக அதை மாற்றிக்கொள்ளப் போகிறது?

கேள்வி: தமிழில் 'பெய்ஜிங்' என்று எழுதுவது சரியா?

பதில்: வழக்கில் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் சீனர் வாயில் முதல் எழுத்து நம் 'படம்' என்பதில் வரும் பகரம். நடுவில் வருவது 'பச்சை' என்பதில் வரும் ச்ச-வுக்கு நெருக்கம். ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான் நாம் 'ஜி' போட்டோம்.

கேள்வி: ஷாங்காய் மட்டும் ஏன் மாறவில்லை?

பதில்: இரண்டு முறையிலும் ஒரே எழுத்துக்கூட்டல். அவ்வளவுதான்.

கேள்வி: சீனாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றிப் படிக்கிறேன். ஊர்ப் பெயர் நூலுக்கு நூல் வேறாக இருக்கிறது.

பதில்: 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த, சிவன் கோயில் பற்றிய அந்தக் கல்வெட்டு கிடைத்த துறைமுகம் இன்றைய சுவான்சௌ. பின்யினில் அது 'க்யூ' என்னும் எழுத்தில் தொடங்கும். பழைய நூல்களில் 'சி', 'எச்' என்று தொடங்கும். மார்க்கோ போலோவும் அரபுப் பயணிகளும் சொன்ன 'சைத்தூன்' இதே ஊர்தான். நூலகப் பட்டியலில் மூன்று எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள். புதியதை மட்டும் போட்டால் 1979-க்கு முந்தைய கட்டுரைகள் பெரும்பாலும் கண்ணில் படாது.