ஆல்பங்களும் ரசிகர் கருத்துகளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாப் ஆல்பங்களை விரும்பிக் கேட்பவள் நான். ஜாஸ் பக்கமும் போகலாம் என்று, எல்லோரும் முதலில் சொல்லும் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைக் கேட்டேன். திரும்பக் கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டவர்கள் எழுதிய கருத்துகளைத் தேடிப் படித்தேன். ஒருவர் தன் வாழ்நாளின் சிறந்த ஆல்பம் என்கிறார். அடுத்தவர் ஒன்றுமே நடக்காத முக்கால் மணி நேரம் என்கிறார். எனக்கும் இரண்டாமவர் சொன்னதுதான் தோன்றியது. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இப்படி நேரெதிராக எழுதுபவர்களை நம்பி ஓர் ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா? அல்லது குறை என் காதில்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கூச்சம் வேண்டாம். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று எழுதியவர் நன்றாகவே கேட்டிருக்கிறார். முதல் உருப்படியான 'ஸோ வாட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். 32 பார் (தாளத்தின் ஒரு சிறு அளவு) கொண்ட ஒரு சுற்று. முதல் 16 பார் ஒரே ஸ்கேல் (சுர வரிசை), அடுத்த 8 பார் அதே ஸ்கேல் அரைச்சுரம் மேலே, கடைசி 8 பார் பழைய இடத்திலேயே. ஒன்பது நிமிடத்துக்கு மேல் இதுவேதான் சுற்றுகிறது. கரகரப்ரியாவின் சுரங்களை வைத்துக்கொண்டு, நடுவில் ஆதார சுருதியை மட்டும் அரைச்சுரம் ஏற்றி இறக்கினால் எப்படியோ அப்படி. அதற்கு முந்தைய பீபாப் என்ற ஜாஸ் பாணியில் கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்) மளமளவென்று மாறும், வாசிப்பவர் அவற்றைத் துரத்திக்கொண்டே இருப்பார். அந்தத் துரத்தலிலிருந்து விடுபடத்தான் மைல்ஸ் 1959இல் இப்படிச் செய்தார். பாப் பாடல்களில் சில நொடிக்கொருமுறை கார்டு மாறிப் பழகிய காதுக்கு இங்கே எதுவும் நகராததுபோலத்தான் இருக்கும். புகழ்ந்து எழுதியவரும் அதே அசையாத தன்மையைத்தான் கேட்டார். அவருக்கு அது விசாலமாகப் பட்டிருக்கிறது.

ஆகவே, கருத்துகள் முரண்படுவதால் அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டும் எந்த இடத்தைத் தொடுகின்றன என்று பாருங்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் 1961இல் வாசித்தது ஆல்பமாக வந்தபோது, 'டவுன் பீட்' என்ற ஜாஸ் பத்திரிகை ஒரே இதழில் இரண்டு விமர்சனங்களை வெளியிட்டது. 'சேஸின் த ட்ரேன்' உருப்படியில் பியானோ இல்லை. சாக்ஸஃபோன், பேஸ் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் தந்தி வாத்தியம்), டிரம்ஸ் மட்டும், ஏறத்தாழ 16 நிமிடம். ஒரு விமர்சகருக்கு அது வேதனை பொங்கி வழியும் பெருவெள்ளம். இன்னொருவருக்கு வெறும் கூச்சலும், திரும்பத் திரும்ப வரும் சுரக்கோவைகளும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆல்பத்தைக் கேட்காதவருக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். நட்சத்திர எண்ணிக்கையால் அது முடியாது. நான் அதைப் பார்ப்பதே இல்லை.

ஜாஸ் ரசிகர்கள் பாப் ஆல்பங்களைப் பற்றி எழுதுவதற்கும் இது பொருந்தும். பீச் பாய்ஸ் என்ற பாப் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) பற்றி அவர்கள் சொல்லும் குறை, வாசிப்பவர் யாருக்கும் சுதந்திரம் இல்லை என்பது. உண்மைதான். அந்தக் குழுவின் ப்ரையன் வில்சன் மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் குரலையும் அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார். எனக்கு அந்த ஆல்பம் உயிர். ஒரு சத்தத்தைக்கூட இடம் மாற்ற முடியாது என்பதற்காகவே அதைக் கொண்டாடுகிறேன். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள் அமர்வுகளில் பதிவானது. முன்னது கட்டி எழுப்பப்பட்டது, பின்னது நிகழ்ந்தது. அதற்காக, ஜாஸ் என்றாலே ஒரே மூச்சில் வாசித்ததுதான் என்று எண்ணிவிடவும் கூடாது. அதே மைல்ஸின் 'பிட்சஸ் ப்ரூ' (1970) டேப்பை வெட்டி ஒட்டி உருவானது. அதைக் கேட்டு ஜாஸ் ரசிகர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

எந்தப் பதிப்பைக் கேட்டுவிட்டு ஒருவர் எழுதுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பதிவானபோது டேப் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் இசைத்தட்டில் அவை கொஞ்சம் வேகமாகவும் சுருதி கூடியும் ஒலித்தன. 1990களின் மறுபதிப்புகளில்தான் அது சரியானது.

உங்கள் காதில் குறை ஏதுமில்லை. மறுபடி கேட்பதானால் முழு ஆல்பமும் வேண்டாம். 'ஸோ வாட்'டில் பால் சேம்பர்ஸின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். மெட்டைச் சொல்வதே பேஸ்தான், மற்றவர்கள் அதற்கு இரண்டு கார்டில் பதில் சொல்கிறார்கள். அது அரைச்சுரம் ஏறும் இடம் பிடிபடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த இடத்தில் சலித்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த ஆல்பத்தை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். தாளம் ஒரே மாதிரி போவதுதான் உறுத்துகிறது என்றால், அதே 1959இல் வந்த டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்' இருக்கிறது. அதன் முதல் உருப்படியே ஒன்பது எண்ணிக்கையை 2-2-2-3 என்று பிரித்துக்கொண்டு ஓடும்.