சைக்கிள் பாதையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

கேள்வி: எங்கள் ஊர்க் கடைத்தெருவை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஏற்றதாக மாற்றப் போவதாகச் சொல்லி, ஊராட்சி மன்றம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. சாலை அமைப்பது படித்த பொறியியலாளரின் வேலை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? எல்லாம் வெறும் சடங்குதானே, ஐயா?
– ஒரு வாசகர், பேராக், மலேசியா

பதில்: சடங்கா இல்லையா என்பதற்குப் பிறகு வருகிறேன். 'நமக்கு என்ன தெரியும்' என்று நீங்கள் கேட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் ஊரைப் போன்ற ஒரு தோட்ட நகரில், இன்னும் விடியாத காலை ஆறரை மணிக்கு, தேநீர்க் கடையின் அஞ்சடியில், அதாவது கடை முகப்பு நடைபாதையில், நின்றிருந்தேன். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மா, கைப்பிடியில் சோற்றுத் தூக்கை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் ஓசை பின்னால் கேட்டதுமே இறங்கி, சைக்கிளைப் புல்லுக்குள் தள்ளி நிறுத்தி, லோரி கடந்த பிறகே மீண்டும் ஏறினார். கடைத்தெரு முனையில், கால்வாயை மூடியிருந்த இரும்புத் தட்டருகே மறுபடியும் இறங்கினார். அந்தத் தட்டின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடந்தன. முன்சக்கரம் அந்த இடுக்கில் இறங்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான். கம்பிகளைக் குறுக்காகத் திருப்பிப் போட்டாலே தீர்ந்துவிடும் குறை அது. ஆனால் காரில் வந்து பார்வையிடுபவருக்கு அது குறையாகவே தெரியாது, ஏனெனில் காரின் சக்கரம் அதன்மேல் ஏறிப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அம்மா புறப்படும் மண்பாதை தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அவர் ஏறும் பெரிய சாலை கூட்டரசுச் சாலையாகவோ மாநிலச் சாலையாகவோ இருந்தால், அதன் பராமரிப்பு பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்தது. கடைத்தெருவின் உட்சாலைகளோ ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. நாலைந்து கிலோமீட்டர் பயணத்துக்குள் மூன்று பேரின் எல்லைகள் வந்துவிடுகின்றன. ஒவ்வொருவரும் தத்தம் துண்டை மட்டுமே பார்க்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரை அந்தப் பாதையை முழுதாக அறிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். அவரைக் கேட்காமல் சைக்கிள் பாதை போட்டால், தாமானுக்குள் (வீடமைப்புப் பகுதிக்குள்) தொடங்கிப் பெரிய சாலையின் ஓரத்தில் திடீரென்று முடிந்துபோகும் வண்ணக்கோடுதான் மிஞ்சும். சைக்கிளுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு தேவைப்படுவது அந்த முடிவிடத்தில்தான்.

பால்மரக் (ரப்பர்) காலத்தில் தோட்டத்து ஆண்கள் பலருக்குச் சைக்கிள்தான் கால். மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, தூரம் கூடியது, பேருந்து குறைந்தது, பிள்ளைகள் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். இந்நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எத்தனை இரங்கல் வீடுகளில் இந்தக் கணக்கை நேரில் பார்த்திருக்கிறோம்! ஆகவே, கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அச்சமில்லாமல் சைக்கிளில் போக ஒரு வழி வேண்டும் என்று கேட்பது நம் பிள்ளைகளின் உயிரைக் கேட்பதுதான்.

சைக்கிளுக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்தில்கூட அந்தப் பாதைகள் பொறியியலாளர் தாமாகவே முன்வந்து கொடுத்தவை அல்ல. 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் 3,000-க்கும் அதிகமானோர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி மறித்தார்கள். ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கோலாலம்பூரில் ஜெஃப்ரி லிம் என்ற வடிவமைப்பாளர், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் சுற்றி, எந்தத் தெரு ஓட்டுவதற்கு ஏற்றது என்று குறித்து, 2014-இல் ஒரு சைக்கிள் வரைபடத்தையே வெளியிட்டார்.

இப்போது சடங்கு விஷயத்துக்கு வருகிறேன். 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்கு இல்லாத இடத்தில், கருத்துச் சொல்லக் கிடைக்கும் வாசலையும் நாமே சாத்திக்கொள்வது நியாயமா? 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபமும் கருத்தும் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரங்கள் தரப்பட வேண்டும். அதே ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. எழுத்தில் வராத மனக்குறையைத் தேநீர்க் கடையில் பேசித் தீர்த்துவிட்டு, பிறகு 'நம்மை யார் கேட்டார்கள்' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

வேலை நாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கூட்டம் வைத்துவிட்டு மக்கள் வரவில்லை என்று எழுதிக்கொள்வதும் தவறுதான். அதனால் உங்கள் குடியிருப்பாளர் சங்கம் முதலில் கேட்க வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை மாலையில், கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு கூட்டம். அதற்கு முன் ஒரு வாரம், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, கடைத்தெரு முனையில் இரண்டு இளைஞர்களை நிறுத்தி, சைக்கிளில் வருபவர், நடந்து வருபவர் எத்தனை பேர், அவர்கள் எங்கெங்கே இறங்கித் தள்ளுகிறார்கள் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்களையும் விட்டுவிடாதீர்கள், கார் நிறுத்துமிடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அவர்களுடைய கவலை பொய்யல்ல, அதை அவர்கள் முகத்துக்கு நேரே பேசித்தான் தீர்க்க முடியும். கடிதம் மலாய் மொழியில் இருக்கட்டும். ஊராட்சி மன்றத்துக்கு அனுப்பும்போதே பொதுப்பணி இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஆளுக்கொரு பிரதியை அனுப்புங்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கால்வாய்த் தட்டு இருந்தால், அதன் படத்தை முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.