யார் பாவிக்கப் போகிறார்கள் என்று கேட்டுப் பின்னுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெண்கள் கொஞ்சப் பேர் கூடி நிற்றிங்கும் குறோசேயும் செய்கிறோம். என் பெறாமகள் றொறன்ரோவிலிருந்து வந்தபோது ஒரு சூட்கேஸ் நிறைய ஊல் கொண்டுவந்து தந்தாள். அதில் சுவெற்றர், தொப்பி, சால்வை என்று பின்னித் தள்ளிவிட்டோம். எல்லாம் என் அலுமாரியில்தான் கிடக்கின்றன. கொடுத்தாலும் ஒருவரும் போடுவதில்லை. இதற்குள் வயதான அக்காமாருக்கும் யூரியூப் பார்த்துப் பின்னும் பிள்ளைகளுக்கும் சண்டை. ஒரே பற்றனைப் பார்த்துப் பின்னினாலும் அக்காமாருடையது கட்டையாகவும் விறைப்பாகவும் வருகிறது. தை மாதம் கண்காட்சி வைத்து விற்கலாமா, இல்லாவிட்டால் குழுவையே கலைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
வாசகி, கோண்டாவில்

பதில்: அன்பான சகோதரி, கலைக்க வேண்டாம். சமையலையும் பிள்ளைகளின் ரியூசனையும் ஒரு பின்னேரத்துக்கு மறந்து பெண்கள் ஒன்றாக இருக்கிற இடம் எங்கள் ஊர்களில் அரிது. அதைக் கட்டிக் காத்திருக்கிறீர்கள்.

சண்டையை முதலில் தீர்த்துவிடுவோம். இரண்டு பகுதியிலும் பிழை இல்லை. அக்காமார் பழகியது பிரித்தானிய முறையாக இருக்கும். யூரியூபில் வருவது பெரும்பாலும் அமெரிக்க முறை. அமெரிக்கர் ‘சிங்கிள் குறோசே’ என்கிற கட்டையான கண்ணியைத்தான் பிரித்தானியர் ‘டபிள் குறோசே’ என்கிறார்கள். அமெரிக்கரின் ‘டபிள்’ அதைவிட உயரமான கண்ணி, பிரித்தானியருக்கு அது ‘ட்ரெபிள்’. அமெரிக்கப் பற்றனில் ‘டபிள்’ என்று வருகிற இடமெல்லாம் அக்காமார் கட்டையான கண்ணியைப் போட்டிருப்பார்கள். கட்டையாகவும் விறைப்பாகவும் வராமல் வேறு எப்படி வரும்? எங்காவது ‘சிங்கிள் குறோசே’ என்று கண்டால் அது அமெரிக்கப் பற்றன் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அலுமாரி. சூட்கேஸில் வந்தது உண்மையான கம்பளி நூலா என்று லேபலைப் பாருங்கள். அனேகமாக அக்கிறிலிக்காக இருக்கும். அக்கிறிலிக் வியர்வையை உறிஞ்சாது. சித்திரை வெயிலில் அதைக் கழுத்தில் போட யாருக்கு மனம் வரும்? உங்கள் பின்னலில் குறை இல்லை, அது போய்ச் சேர்ந்த ஊர்தான் பிழை. நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் மார்கழி, தைக் குளிருக்குத் தொப்பியும் சுவெற்றரும் உண்மையாகவே தேவை. அங்கே உறவோ தெரிந்த ஆசிரியரோ இருந்தால் அளவு கேட்டு அனுப்புங்கள். மிஞ்சிய நூலில் சட்டி இறக்குகிற துணி மட்டும் பின்ன வேண்டாம். சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

இங்கே பாவிக்க வேண்டுமென்றால் பருத்தி நூல்தான். நான் உங்கள் குழுவில் இருந்தால் முதலில் மரக்கறிப் பை பின்னுவேன். திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் பை வேண்டும். ஆனால் யூரியூபில் காட்டுகிற வலைப் பையை அப்படியே பின்னாதீர்கள். அது அப்பிளுக்கும் தோடம்பழத்துக்கும் சரி. எங்கள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அந்த ஓட்டைகளால் வீதியெல்லாம் கொட்டுண்டு போகும். அடியிலும் அதிலிருந்து நாலு விரல் உயரத்துக்கும் இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பின்னி, அதற்கு மேல் வலையைத் தொடங்குங்கள். பருத்தி பாரத்துக்கு இழுபடும், ஆகவே கைபிடியைக் கட்டையாகவும் இறுக்கமாகவும் வையுங்கள். முடித்தவுடன் கொடுத்துவிடாமல், ஒரு பாதிப் பூசணிக்காயைப் போட்டு விறாந்தையில் ஒரு இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். எங்கே இளகுகிறது என்று அதுவே காட்டித் தரும். பிறகு ஒரு தரம் தோயுங்கள். பருத்தி முதல் தோய்ச்சலில் சுருங்கலாம், அது உங்கள் வீட்டிலேயே சுருங்கட்டும்.

அக்காமாரின் மெல்லிய நூல் வேலையைத் தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள். ரீவிக்கு மேலே விரிப்பு விரிக்கிற காலம் போய்விட்டது, ரீவியே சுவருக்குப் போய்விட்டது. அதே பூவேலையை இரண்டு விரல் அகலக் கரையாகப் பின்னினால் பிளவுஸின் கைக்கும் தலையணை உறைக்கும் எவ்வளவு வடிவாக இருக்கும்! இளம் பிள்ளைகள் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பழகவேண்டிய வேலை இது.

பிள்ளைகள் பொம்மை பின்னுகிறார்கள் என்றால் ஒன்று: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் பொம்மையில் பொத்தானோ மணியோ கண்ணாக வைக்கக்கூடாது. கழன்றால் வாய்க்குள் போய்விடும். நூலால் தைத்துவிடுங்கள். குழந்தைக் காலுறையின் உட்பக்கத்திலும் நூல் நுனி தொங்கக்கூடாது, சின்ன விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

கண்காட்சி கட்டாயம் வையுங்கள். ஆனால் “தெரிந்த ஆட்கள்தானே” என்று நூல்காசுக்கே விற்றால் அடுத்த வருடம் உங்களுக்கே அலுத்துவிடும். ஒவ்வொரு பொருளோடும் ஒரு சின்ன மட்டையில் என்ன நூல், எத்தனை மணித்தியாலம் என்று எழுதி வையுங்கள். விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் அதை வாசித்துப் பார்க்கட்டும். குறோசேயை உண்மையாகப் பின்னுகிற இயந்திரம் இல்லை, ஒவ்வொரு கண்ணியும் ஒருவரின் கையால்தான் வருகிறது. அதற்குக் கூலி கேட்க வெட்கப்படாதீர்கள்.

நான் ஆசைப்படுகிற ஒன்று இன்னும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்த பெண்களுக்காகப் பல நாடுகளில் பின்னற் குழுக்கள் மென்மையான நூலில் மார்பு வடிவம் பின்னிக் கொடுக்கின்றன. உள்ளே பொலியெஸ்ரர் பஞ்சு, வெளியே மெத்தென்ற பின்னல், பிராவுக்குள் வைத்துக்கொள்ளலாம். சிலிக்கோனில் செய்தது பாரம், வேர்க்கும், விலையும் கூட. இது பஞ்சு போல் இருக்கும், தோய்த்துக் காயவைக்கலாம். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் நடந்து காசு சேர்த்தது அதற்காகத்தான். உங்களுக்கு அது தூரமில்லை. ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறக்காதீர்கள். பருத்தி நூலில் ஒன்றே ஒன்று பின்னி, வாட்டுக்குப் பொறுப்பான தாதியிடம் காட்டிக் கதையுங்கள். காயம் ஆறிய பிறகு எப்போது வைக்கலாம் என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். அளவையும் நிறத்தையும் பாவிக்கப் போகிற பெண்கள் சொல்லட்டும். அதற்குப் பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள்.