வீட்டிலேயே லேசர் ப்ரொஜெக்டர்: கண்ணுக்கு ஆபத்தில்லாமல் செய்ய முடியுமா?

பார்ட்டிக்கு லேசர் ப்ரொஜெக்டர் நாமே செய்யலாமா, கண்ணுக்கு ஆபத்து வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். பொறியமைப்பு சுலபம்தான். இரண்டு சிறிய டிசி மோட்டார்களின் அச்சில் ஆளுக்கொரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து ஒட்டுங்கள். முதல் கண்ணாடியில் பட்ட லேசர் ஒளி வட்டமாகச் சுழலும். அது இரண்டாவதிலும் பட்டுத் திரும்பினால் சுவரில் பூக்கோலம் விரியும். மோட்டார்களின் வேகத்தை மாற்ற மாற்ற வடிவமும் மாறும்.

லேசரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாத, லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் இரண்டாம் வகுப்பான (Class 2) சிவப்பு லேசர் போதும். அந்த அளவில், கூச்சத்தில் கண் தானாக மூடிக்கொள்வதே பாதுகாப்பு. மலிவான பச்சை லேசர் வேண்டாம். அதில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரைத்தான் 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறார்கள். வடிகட்டி இல்லையென்றால் அகச்சிவப்பும் சேர்ந்தே கசியும். அது கண்ணுக்குத் தெரியாது, இமையும் மூடாது. லேபிளில் போட்டிருக்கும் மில்லிவாட்டையும் அப்படியே நம்பாதீர்கள்.

அப்புறம், சுழலும் ஒளி ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். மோட்டார் நின்றால் மொத்த ஒளியும் ஒரே புள்ளியில் குவியும். அதனால் பெட்டியைத் தலைக்கு மேலே, உயரமான சுவரையோ கூரையையோ பார்த்து அசையாமல் பொருத்துங்கள். ஒளி போகும் வழியில் கண்ணாடி, பளபளப்பான அலங்காரம் எதுவும் இருக்கக் கூடாது. சுவரில் கோலம் மங்கலாகத் தெரிந்தால் அறை விளக்கை அணையுங்கள், லேசரின் திறனைக் கூட்டாதீர்கள்.