உறவினர் மனம் கோணாமல் பண்டிகைச் செலவைக் குறைப்பது எப்படி?

தீபாவளி, பொங்கலுக்கு உறவுகளுக்குச் செய்ய வேண்டியவற்றை நினைத்தாலே உறக்கம் கெடுகிறது என்றும், யார் மனமும் கோணாமல் இந்தச் செலவைக் குறைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரை செல்லூரில் வசிப்பவன். கணக்கு எழுதுவது தொழில். அலுவலகத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடாமல் தேடும் நான், வீட்டுப் பண்டிகைச் செலவை முதன்முறையாகக் கூட்டிப் பார்த்தது 2018 தீபாவளிக்குப் பிறகுதான்.

மொத்தம் 38,400 ரூபாய். எங்கள் நால்வருக்கும் எடுத்த துணி, பலகாரம், வெடி எல்லாம் சேர்த்தும் 13,000-ஐத் தாண்டவில்லை. மீதி முழுவதும் செய்முறை, அதாவது உறவுகளுக்குச் செய்த சீர். அதில் 20,000 ரூபாயைக் கடன் அட்டையில் தேய்த்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தேன். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம் என்பதும், பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் செய்தேன்.

பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு உண்டு. யார் எவ்வளவு எழுதினார் என்பது மையில் இருப்பதால், திருப்பிச் செய்யும்போது அளவு தெரியும். பண்டிகைச் சீருக்கு அப்படி எந்த நோட்டும் இல்லை. போன வருடம் மச்சான் என் பிள்ளைகளுக்கு எடுத்த துணி சற்று விலை கூடுதல் என்று ஊகித்து நான் ஐந்நூறு ஏற்றுவேன். அதைப் பார்த்து அவர் அடுத்த ஆண்டு ஐந்நூறு ஏற்றுவார். இருவரில் எவரும் கேட்கவில்லை, எவரும் நிறுத்தவும் இல்லை.

ஆகவே துணிக்கடையில் பேரம் பேசுவதைவிட, உடன்பிறந்தவர்களிடம் பேசுவதுதான் முதல் வேலை என்பது என் கருத்து. அதையும் ஐப்பசியில் பேசக்கூடாது. அதற்குள் அவர்கள் துணி எடுத்திருப்பார்கள், நம் பேச்சு குறை சொல்வதாகவே காதில் விழும். 2019 புரட்டாசியில் உசிலம்பட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், கடன் அட்டைக் கதையை மறைக்காமல் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ கொண்டு வர்றதுக்கு ஈடாச் செய்யணும்னு நான் போன வருசம் தோட்டை அடகு வச்சேண்ணே” என்றாள். அவளுக்குச் செய்ய நான் கடன்பட்டிருக்கிறேன், எனக்குச் செய்ய அவள் கடன்பட்டிருக்கிறாள்.

அன்று பேசி முடித்தது இதுதான்: தீபாவளிக்குப் பெரியவர்களுக்குச் சேலை, வேட்டி இரு பக்கமும் கிடையாது, பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு துணி. பொங்கல் சீரில் கை வைக்கவில்லை. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு இவற்றோடு அண்ணன் வாசலில் வந்து இறங்குவது தெருவே பார்க்கும் மரியாதை; செலவோ தீபாவளிச் செலவில் கால் பங்குகூட ஆகாது. தலைத் தீபாவளி, காதுகுத்து போன்றவற்றிலும் சிக்கனம் பேச வேண்டாம். ஒருமுறை வருபவை அவை. அங்கே மிச்சம் பிடித்தால் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார்கள்.

துணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஓர் அளவு கூடுதலாக எடுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதுரையில் துணிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கம் போய் நெரிசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே நாம் விலையைப் பார்ப்பதில்லை, எதையாவது வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் போதும் என்றுதான் தோன்றும். பலகாரத்துக்கு எங்கள் வரிசையில் நான்கு வீடுகள் சேர்ந்து வீட்டுக்கு ஒரு வகை செய்து மாற்றிக்கொள்கிறோம். எங்கள் பங்கு அதிரசம்.

பணம் சேர்க்கத் தீபாவளிச் சீட்டுப் போடலாமா என்றால், பதிவில்லாத சீட்டு வேண்டாம் என்பேன். எங்கள் பகுதியில் சீட்டுப் பிடித்த ஒருவர் புரட்டாசியிலேயே கடையைப் பூட்டிக்கொண்டு போனார். என் 6,000 ரூபாயும் போனது. இப்போது வங்கியில் மாதம் 1,500 வீதம் பத்து மாதத் தொடர் வைப்புப் போட்டு, செப்டம்பரில் முதிரும்படி வைத்துக்கொள்கிறேன். வட்டி அற்பம்தான், ஆனால் 15,000 ரூபாய் கையில் நிற்கும். தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. முதல் தேதி சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு மாதக் கடைசியில் வரும் தீபாவளிதான் கடன் வாங்க வைக்கும்.

எல்லோரும் தங்கையைப் போல ஏற்றுக்கொள்ளவில்லை. மேலூரில் இருக்கும் என் மாமியார், “எனக்குச் சேலை வேணாம் மாப்பிள்ளை” என்று முகம் கொடுக்காமல் சொன்னார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. மறு வருடம் முதல் அவருக்கு மட்டும் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துவிடுகிறேன். பட்டு எடுத்த காலத்தைவிட இதைத்தான் அதிகம் உடுத்துகிறார்.